ஜன்னலும் சீட்டும்

எங்கள் வடக்குத்தில் நோயாளிகள் இரண்டு ஜாதி. நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் நிரந்தர வேலை பார்ப்பவர் வீட்டுக்கு, நகரியத்தில் நிறுவனத்தின் ஆஸ்பத்திரியே இருக்கிறது. முந்திரித் தோப்பையும் கூலியையும் நம்பியவர்களுக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரிதான் கதி. என் பாட்டி இரண்டாவது ஜாதி.

1990-ஐ ஒட்டிய வருஷங்களில், சிறுவனாயிருந்த நான் அவளுக்குத் துணையாக ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போவேன். அவளுக்கு இரத்தக் கொதிப்பு. டாக்டர் பார்ப்பதற்குக் காசில்லை. மருந்துக்கும் காசில்லை என்பதுதான் விதி. ஆனால் மருந்து கொடுக்கும் ஜன்னலிலிருந்து சீட்டு அப்படியே திரும்பி வரும்.

“ஸ்டாக் இல்லே. வெளியிலே வாங்கிக்க.”

கடையில் விலையைக் கேட்டதும் பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணுவாள். “பாதி வாங்குடா. மீதியை முந்திரிக்கொட்டை வித்துப் பாத்துக்கலாம்” என்பாள். வியாதிக்கு முந்திரிக் கணக்கு தெரியுமா? காய் பறிப்பதற்கு முன்பே, ஒரு மாசி மாதத்தில், அவளுடைய வலது கை விழுந்துவிட்டது.

மருந்து இலவசம் என்று எழுதி வைப்பது ஒரு காரியம். கொடுப்பதற்கு அலமாரியில் மருந்து இருப்பது வேறு காரியம். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்த பள்ளத்தைத் தூர்த்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்ற சர்க்கார் கம்பெனி பதிவாயிற்று. அடுத்த ஜனவரியில் வேலையைத் தொடங்கியது. அதற்கு உருவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் பூர்ணலிங்கம் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி. புதிய மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தது ஒரு நல்ல மளிகைக் கடைக்காரனின் சாமர்த்தியம்.

முதலில், அவசியமான மருந்துகளுக்கு ஒரு ஜாபிதா. உலக சுகாதார ஸ்தாபனம் 1977-லேயே அப்படி ஒன்று போட்டுக் காட்டியிருந்தது. கம்பெனிகள் வைத்த வியாபாரப் பெயரை விட்டு, மருந்தின் சொந்தப் பெயரில் டெண்டர் கேட்டார்கள். ராஜ்யம் முழுவதுக்கும் ஒரே கொள்முதல் என்றால் விலை இறங்காமல் என்ன செய்யும்? வந்த சரக்கில் மாதிரி எடுத்து, செய்தவர் பெயரை மறைத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்பினார்கள். தேறிய பிறகே விநியோகம்.

எனக்கு மிகவும் பிடித்தது பாஸ்புத்தக ஏற்பாடு. ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று வரவு வைத்துவிடுவார்கள். கிடங்கிலிருந்து எடுக்க எடுக்கப் பற்று எழுதப்படும். எந்த மருந்து வேண்டும் என்பதை அந்த ஊர் வியாதி தீர்மானிக்கும்; தலைநகரத்து மேஜை அல்ல. காகிதத்தில் மடித்துக் கொடுத்த உதிரி மாத்திரை போய், சர்க்கார் முத்திரையுடன் ‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சிட்ட பட்டை வந்தது.

ராஜஸ்தானம் 2011-ல் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியபோது இந்த மாதிரியைத்தான் பார்த்துக்கொண்டது. பணக்கார அமெரிக்காவோ, முதியோருக்கான மெடிகேர் வைத்தியக் காப்புறுதிக்கு 1965-லேயே சட்டம் செய்துவிட்டு, அவர்கள் கடையில் வாங்கும் மாத்திரைக்கு அதில் வழி செய்ய 2006 வரை எடுத்துக்கொண்டது!

இலவச ஜன்னலுக்கு வராதவர்களும் இருக்கிறார்களே என்று வாசகர்கள் கேட்கலாம். அவர்களுக்காக மத்திய சர்க்காரின் மக்கள் மருந்தகம் 2008-லும், தமிழ்நாட்டின் முதல்வர் மருந்தகம் 2025-லும் மலிவு விலைக் கடைகளாக வந்தன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்குமான மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சாதிக்க வரவில்லை. ஜன்னலில் இன்றும் சில நாள் “இல்லை” என்ற சொல் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் சொல் விதியாக இருந்த காலத்தை நான் பார்த்தவன்.

அம்மாவுக்கும் பாட்டியின் வியாதிதான். மாதம் ஒரு முறை பட்டைகளை வாங்கி வந்து கட்டிலில் பரப்பி எண்ணுகிறாள். முப்பது நாளைக்கு முப்பது. சென்ற மாதம் ஒன்றைப் பாதியாக ஒடிக்கப் போனாள். “எதுக்கம்மா?” என்றேன்.

“பழக்கம்டா” என்றாள், முழுசாகவே போட்டுக்கொண்டாள்.