உண்டியல் முதல் ஸ்விஃப்ட் வரை: கடல்கடந்த தமிழர் வங்கித்தொழிலில் உறவும் அரசும்

பன்னாட்டு வங்கித்தொழிலில் பணம் பெரும்பாலும் எல்லை தாண்டுவதில்லை. ஓர் ஊர் ஏட்டில் பற்றும் வேறொரு நாட்டு ஏட்டில் வரவும் எழுதப்படுகின்றன. அந்த எழுத்துக்கு யார் பொறுப்பு என்பதே இத்தொழிலின் அடிப்படைக் கேள்வி. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் தொழிலில் உறவும் கோயிலும் பொறுப்பேற்றன என்பது பரவலான விளக்கம். அது பாதி உண்மையே. உறவுக்குப் பின்னால் ஓர் அரசும் அதன் நாணயமும் எப்போதும் நின்றன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

1. ஏடும் கோயிலும்

1852இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமானது; 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. பர்மிய அரிசிக்கு உலகச் சந்தை விரிந்தது. காடு திருத்தி வயலாக்கிய உழவருக்கு நேரடியாகக் கடன் கொடுக்க ஆங்கிலேய வங்கிகள் முன்வரவில்லை. அவை செட்டியார்களுக்குக் கொடுத்தன, செட்டியார்கள் உழவருக்குக் கொடுத்தார்கள். 1929–30இல் ஆராய்ந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கு ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இயங்கியதாகவும் அவர்களது முதல் சுமார் 75 கோடி ரூபாய் எனவும் மதிப்பிட்டது.

கடைகளை நடத்தியவர்கள் மூன்றாண்டுத் தவணையில் சென்ற முகவர்களான மேலாட்கள். ரங்கூனில் பணம் கட்டியவர் உண்டியல் என்னும் பணச்சீட்டைப் பெற்றார். காரைக்குடியில் தொடர்புக் கடை அதற்குப் பணம் கொடுத்தது. எதிர்த்திசையில் வந்த உண்டியல்களோடு கணக்கு நேராகி, எஞ்சிய நிலுவை மட்டும் தீர்க்கப்பட்டது. கடைகள் தமக்குள் கொடுத்து வாங்கிய பணத்துக்கான நடப்பு வட்டியை நகரத்தார் கோயிலில் மாதந்தோறும் கூடி முடிவு செய்தனர். தமக்குள் ஈடு கேட்கும் வழக்கம் அரிது. நாணயம் தவறியவருக்குச் சமூகத்தில் கைமாற்றும் கிடைக்காது, மதிப்பும் இராது.

இந்த ஏற்பாடு எளிதாக ஓடியதற்கு இன்னொரு காரணம் உண்டு. பர்மாவில் புழங்கியது இந்திய ரூபாய். இலங்கை ரூபாயும் அதனோடு பிணைந்திருந்தது. மலாய்ப் பகுதியின் டாலர் 1906 முதல் பவுண்டுடன் நிலையான மதிப்பில் கட்டப்பட்டிருந்தது. ஆகவே நாணய மாற்று இழப்பு என்ற பெரும் ஆபத்தை ஏகாதிபத்தியமே சுமந்தது. கடனை வசூலிக்க உதவிய நீதிமன்றங்களும் அதனுடையவையே.

2. முறிவு

1925இல் கொழும்பில் ஒரு பெரிய செட்டியார் நிறுவனம் நொடித்தது. உடனே ஆங்கிலேய வங்கிகள் மற்றச் செட்டியார்களுக்குக் கொடுத்துவந்த கடனையும் சுருக்கின. ஒருவருக்கொருவர் பொறுப்பாக நின்ற உறவே, ஒருவர் வீழ்ந்ததும் எல்லாரையும் ஐயத்துக்கு உள்ளாக்கியது.

1930களில் அரிசி விலை சரிந்தது. கடன் தீர்க்க முடியாத உழவர்களின் நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த அவர்களது நிலவுடைமை 1938க்குள் 25 விழுக்காடானது. இது விரும்பிச் சேர்த்த சொத்தன்று. பணமாக மாற்ற முடியாத வாராக்கடன். 1942இல் ஜப்பானியர் படையெடுத்தனர்; 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் இயற்றியது. கணக்கேடுகள் ஊர் திரும்பினாலும் அவற்றைச் செல்லுபடியாக்கும் அரசு அங்கே இல்லை.

3. கூட்டுப்பங்கு வங்கி

1906இல் சென்னையில் அர்பத்நாட் நிறுவனம் திவாலானதன் எதிர்வினையாக, வி. கிருஷ்ணசாமி ஐயர் முயற்சியிலும் நகரத்தார் ஆதரவிலும் 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது. 1932இல் கொழும்புக்குச் சென்றது. ஆங்கிலேய வங்கிகளின் தனிக்களமாக விளங்கிய அந்நியச் செலாவணியில் நுழையும் நோக்குடன் எம். சி. டி. எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் அது ஒரே நாளில் திறந்தது.

மேலாளின் இடத்துக்குக் கிளையும், உறவின் இடத்துக்குப் பங்குதாரரும் வந்தாயிற்று. அரசின் பிடி மட்டும் மாறவில்லை. 1963இல் பர்மா வங்கிகளை நாட்டுடைமையாக்கியது. 1969இல் இந்தியா 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கியபோது இவ்விரண்டும் அரசு வங்கிகளாயின. அயல்நாட்டு அரசு வங்கிகளை அனுமதிக்காத மலேசியச் சட்டத்தால், அங்கிருந்த இந்திய வங்கிக் கிளைகள் 1973இல் யுனைடெட் ஏஷியன் வங்கியாக இணைந்தன.

4. ஆட்டையாம்பட்டியிலிருந்து ஒரு பெட்டி

இன்றைய முறையைச் சேலம் மாவட்டத்து ஆட்டையாம்பட்டியின் கைமுறுக்கை வைத்து விளக்கலாம். ஒரு வியாபாரி சிங்கப்பூரின் புதிய வாடிக்கையாளருக்குச் சரக்கு அனுப்புவதாகக் கொள்வோம். இருவருக்கும் முன்பழக்கம் இல்லை. வாங்குபவரின் வங்கி கடன் உறுதிக் கடிதம் திறக்கிறது: குறித்த ஆவணங்கள் வந்தால் பணம் தருவோம் என்பது அதன் உறுதி. கப்பல் ரசீது, விலைப்பட்டியல், காப்பீடு முதலியவற்றை வங்கி சரிபார்க்கும். முறுக்கைச் சுவைத்துப் பார்க்காது. சரக்கையன்றி ஆவணத்தையே வங்கி பார்க்கும் இம்முறைக்குச் சர்வதேச வணிகச் சபை 1933இல் பொதுவிதிகள் வகுத்தது. 2007 முதல் யூசிபி 600 நடப்பில் உள்ளது.

கடிதம் ஸ்விஃப்ட் வழியாக வருகிறது. 1973இல் 15 நாடுகளின் 239 வங்கிகள் தொடங்கிய இவ்வமைப்பில் இந்தியா 1991இல் சேர்ந்தது. ஸ்விஃப்ட் செய்தியை மட்டுமே கொண்டுசேர்க்கும். விலை அமெரிக்க டாலரில் இருந்தால், இந்திய வங்கி நியூயார்க்கில் வைத்துள்ள நாஸ்ட்ரோ கணக்கில் வரவு விழும். வியாபாரிக்கு ரூபாய் இங்கே தரப்படும். சேலத்துக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான கணக்கு மூன்றாவது நாட்டில் தீர்கிறது.

முடிவு

2022இல் ரஷ்ய வங்கிகள் சில ஸ்விஃப்டிலிருந்து நீக்கப்பட்டதும், அதே ஆண்டு ஜூலையில் ரிசர்வ் வங்கி ரூபாயிலேயே வணிகம் தீர்க்க, அயல்நாட்டு வங்கிகள் இந்திய வங்கிகளில் வைக்கும் சிறப்பு வோஸ்ட்ரோ கணக்குகளை அனுமதித்ததும், 2023 பிப்ரவரியில் உடனடிப் பணப்பரிமாற்ற முறைகளான இந்தியாவின் யூபிஐயும் சிங்கப்பூரின் பேநௌவும் இணைந்ததும் ஒரே உண்மையின் மூன்று முகங்கள். ஏடு கணினியானது, உறவு விதிமுறையானது. ஆனால் எந்த நாட்டில், எந்த நாணயத்தில் கணக்கு இருக்கிறதோ அந்த அரசே அன்றும் இன்றும் இறுதிப் பொறுப்பாளி. பர்மாவில் நகரத்தார் இழந்தது வட்டிக் கணக்கில் தவறியதால் மட்டுமன்று. தம் கணக்கைத் தாங்கிய அரசு மாறக்கூடும் என்ற ஆபத்துக்கு அவர்கள் முறையில் ஈடு ஏதும் இருக்கவில்லை.