செய்யாமையின் பழி யாரைச் சாரும்? – திருகோணமலை எண்ணெய்க் குதங்கள் தரும் பாடம்

ஆட்சியாளர் செய்த பிழைகளை வரலாறு பதிந்து வைக்கிறது. அவர்கள் செய்யாது விட்டவற்றைப் பெரும்பாலும் பதிவதில்லை. பிழையான செயலுக்குச் செய்தவர் ஒருவர் இருப்பார். செயலின்மைக்கோ எவரும் உரிமை கோருவதில்லை. பொறுப்பைத் தட்டிக்கழிப்போர்க்கு இதனினும் சிறந்த புகலிடம் வேறில்லை. திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த சீனன்குடா எண்ணெய்க் குதங்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பிரித்தானியர் தம் கடற்படைக்கென அமைத்த இக்குதங்களுள் ஒன்று 1942 ஏப்பிரல் 9இல் நிகழ்ந்த யப்பானிய விமானத் தாக்குதலில் அழிந்தது. இன்று 99 குதங்கள் எஞ்சியுள்ளன. அவற்றின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 10 இலட்சம் தொன். 1957இல் கடற்படைத் தளமும் பின்னர்க் குதங்களும் இலங்கை வசமாயின. எனினும், மேற்பகுதிக் குதங்களைக் காடே ஆண்டது.

இவற்றை இருநாடுகளும் கூட்டாகச் சீரமைப்பதென 1987இல் இந்திய-இலங்கை உடன்படிக்கையோடு இணைந்த கடிதங்கள் கூறின. 2003 பெப்ரவரியில், லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கு 35 ஆண்டுக் குத்தகை வழங்க இணக்கம் காணப்பட்டது. ஆறு மாதத்துள் எழுதப்படவேண்டிய குத்தகை உறுதியோ எழுதப்படவேயில்லை.

எழுதப்படாத அவ்வுறுதி அனைவர்க்கும் பயன்பட்டமையே வியப்பு. "முந்திய அரசு கொடுத்துவிட்டது, எம் கைகள் கட்டப்பட்டுள்ளன" என்று கூறவும் இடமிருந்தது, "உறுதியே இல்லை, எதையும் கொடுக்கவில்லை" என்று கூறவும் இடமிருந்தது. கட்சிகள் மாறின, அமைச்சர் மாறினர், கோப்பு மட்டும் நிலைத்தது.

போரைக் காரணங் காட்டுவோர் உளர். அது முற்றிலும் பொய்யன்று. ஆயினும், போர்க்காலத்திலேயே கீழ்ப்பகுதிக் குதங்கள் பதினைந்து இயங்கின. போர் முடிந்த 2009இன் பின்னரும், புதிய உடன்பாடு ஏற்படப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் சென்றது. 2022 சனவரியில் 14 குதங்கள் லங்கா ஐ.ஓ.சி.க்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 கூட்டு நிறுவனத்துக்கும் எனப் பகிரப்பட்டன. சில மாதங்களில் நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. அதற்கு அந்நியச் செலாவணி வறுமையே முதற்காரணம். குதங்கள் மட்டும் அதனைத் தடுத்திருக்கமாட்டா. ஆனால், சேமிப்பைப் பற்றி அரைநூற்றாண்டாக எவரும் பொறுப்புடன் சிந்திக்கவில்லை என்பதை அவ்வரிசைகள் உணர்த்தின.

அப்பொருளாதார வீழ்ச்சி தொடர்பில், முன்னாள் ஆட்சித்தலைவர்களும் உயர் அதிகாரிகளும் பொதுமக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் என 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. செய்தவற்றுக்கு மட்டுமன்றி, உரிய வேளையில் செய்யத் தவறியவற்றுக்கும் ஆள்வோர் பொறுப்பாளர் என்பதே அதன் சாரம். அந்த அளவுகோலைச் சீனன்குடாக் கோப்புக்கும் பொருத்தி, எந்த ஆண்டில் யாருடைய மேசையில் அது உறங்கியது என வினவுதல் வரலாற்று மாணவரின் கடனாகும்.