மெல்லிய அலைகளைக் கேட்ட வரலாறு

வானொலிப் பெட்டியின் குமிழைத் திருப்பி நாம் ஒரு நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, பெட்டிக்குள்ளேயே சிறியதோர் அலை பிறக்கிறது. வெளியிலிருந்து வரும் அலையோடு அது கலக்க, இரண்டின் அதிர்வெண்களுக்கும் உள்ள வேற்றுமை தாழ்ந்ததோர் அலையாகிப் பெருக்கப்பட்டு, பேச்சாகவும் பாட்டாகவும் நம் செவிக்கு எட்டுகிறது. சுருதி சற்றே பிசகிய இரு தம்பூராத் தந்திகளை ஒருங்கே மீட்டினால் ஒலி விம்மித் தணிவதை நாம் அறிவோம், இதுவும் அத்தகையதே. இம்முறையை 1901-ஆம் ஆண்டில் வகுத்தவர் ரெஜினால்ட் ஃபெஸ்ஸென்டென்; 1918-இல் அதனைச் செம்மைப்படுத்தியவர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங்.

இதே முறையால் விண்வெளியின் மெல்லிய அலைகளையும் கேட்கலாம் அன்றோ? கேட்கலாம், ஆனால் உள்ளே பிறக்கும் அலை, வரும் அலையின் அதிர்வெண்ணை ஒட்டியதாக இருத்தல் வேண்டும். இங்கேதான் இடர் எழுந்தது.

வானொலி அலைக்கும் ஒளிக்கும் இடைப்பட்ட வெளியில், விநாடிக்கு லட்சம் கோடி முறை அதிர்வது டெராஹெர்ட்ஸ் அலை. நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ் 1895-இல் கல்கத்தாவில் சில மில்லிமீட்டர் நீள அலைகளைக் கொண்டே பரிசோதனை செய்தவர். கலீனாப் படிகத்தால் அலைகளை உணரும் கருவிக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர். அவர் தொட்ட எல்லைக்கு அப்பால் டெராஹெர்ட்ஸ் வெளி நெடுங்காலம் தரிசாகவே கிடந்தது. மின்சுற்றுகளால் அலையைப் பன்மடங்காக்கிப் பார்த்தனர். அதிர்வெண் ஏற ஏற ஆற்றல் தேய்ந்தது. 2009-இல் ஏவப்பெற்ற ஹெர்ஷெல் விண்கலத்தின் பெறுகருவி அவ்வழியில் 1.9 டெராஹெர்ட்ஸ் வரையே எட்டிற்று. ஆனால் ஆக்ஸிஜன் அணு தன் அலையை வெளியிடுவதோ 4.7 டெராஹெர்ட்ஸில். விண்மீன்கள் பிறக்கும் முகில்கள் தம் வெப்பத்தை வெளியேற்றும் முக்கிய வழிகளுள் அந்த அலை ஒன்று. அதனைக் கேளாமல் அம்முகில்களின் குளிர்ச்சியையும் நகர்ச்சியையும் முழுமையாக அறிய இயலாது.

இடர் நீங்கும் வழி வேறு திசையிலிருந்து வந்தது. 1971-இல் லெனின்கிராடில் கஸாரினோவ், சூரிஸ் என்னும் இருவர் ஓர் எண்ணத்தை வெளியிட்டனர். குறைகடத்தியை மிக மெல்லிய படலங்களாக அடுக்கினால், எலெக்ட்ரான் அருவி நீர்போல் படிப்படியாக இறங்கும். ஒவ்வொரு படியிலும் கதிரை வெளியிடும். அக்கதிரின் அதிர்வெண்ணைப் படலத்தின் கனத்தைக் கொண்டே நாம் விரும்பியவாறு அமைக்கலாம். அத்தகைய படலங்களை அணு அணுவாக அடுக்கும் கைத்திறன் கைகூட 23 ஆண்டுகள் ஆயின. 1994-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபாய்ஸ்ட், கப்பாஸோ முதலியோர் அவ்வகை லேசரைப் படைத்தனர். ஆயினும் அது அகச்சிவப்புக் கதிரையே தந்தது. டெராஹெர்ட்ஸ் கதிருக்கு வேண்டிய படியின் உயரமோ மிகச் சிறிது. அறையின் வெப்பமே அதனைக் குலைத்துவிடும். 2002-இல் இத்தாலி, பிரிட்டன் விஞ்ஞானிகள் 4.4 டெராஹெர்ட்ஸில் முதல் வெற்றி கண்டபோது, அந்த லேசர் சுமார் −223 டிகிரி செல்சியஸ் வரையிலான கடுங்குளிரிலேதான் இயங்கிற்று.

குளிரூட்டும் பாரம் இருப்பினும், லேசரோ மிகச் சிறியது. 2005-இல் நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் அதனை மீக்கடத்திப் பெறுகருவியோடு இணைத்துக் காட்டினர். காற்றிலுள்ள ஈரம் இவ்வலைகளை விழுங்கிவிடுவதால், கருவியை மேலே கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. 2014-இல் ஸோஃபியா என்னும் வானாய்வு விமானம் அவ்வாறு பறந்து ஆக்ஸிஜனின் அலையைக் கேட்டது. அவ்விமானத்திலிருந்து பெற்ற அளவீடுகளைக் கொண்டு, வெள்ளிக் கிரகத்தின் பகற்பகுதியிலும் ஆக்ஸிஜன் அணுக்கள் உண்டென்பதை 2023-இல் அறிவித்தனர்.

ஆனால் ஸோஃபியாவின் பணி 2022-இல் நிறுத்தப்பட்டது. எனினும் 2023 டிசம்பர் 31-இல் அண்டார்டிகாவிலிருந்து எழுந்த குஸ்டோ பலூன், இத்தகைய லேசரைச் சுமந்து 57 நாட்களுக்கு மேல் மிதந்து, அதே அலையைத் தேடிற்று.

கருவி ஓய்ந்தாலும், கற்ற திறன் கைமாறி நிற்க வேண்டும். 1971-இன் எண்ணம் பயன்தரக் காத்திருந்தவர்கள் இல்லையெனில், அது ஏட்டிலேயே உறங்கியிருக்கும். உடனடிப் பயனை மட்டுமே எண்ணி ஆராய்ச்சிக்குப் பொருள் ஒதுக்குவோர், இவ்வரலாற்றையும் நினைவிற் கொள்வார்களாக.