நனைந்த மோட்டாரும் மூழ்கிய போர்க்கப்பலும்

இன்னைக்குப் பேசப்போறது 1942-ஆம் வருஷத்து வேலை ஒண்ணைப் பத்தி. ஆனா அதுக்குள்ள நான் போனது என் சொந்த முட்டாள்தனத்தால. அதை முதல்ல சொல்லிடறேன்.

கடலுக்கு அடியில் நீந்துறவங்களை இழுத்துக்கிட்டுப் போற சின்ன ஸ்கூட்டர் ஒண்ணு என்கிட்ட இருக்கு. பேட்டரி, மோட்டார், பின்னால ஒரு விசிறி, அவ்வளவுதான். போன வருஷம் அதன் ஓ-ரிங் மேல ஒரு தலைமுடி ஒட்டியிருந்ததைப் பார்க்காம மூடிட்டேன். அந்த ரப்பர் வளையத்துக்கு ஒரு முடி போதும். பத்து நிமிஷத்துல உள்ளே கடல் தண்ணி.

கரைக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றினேன். அது சரி. அப்புறம் தண்ணியைக் கொட்டி, வெயில்ல வெச்சு, ஹேர் டிரையர் காற்றும் காட்டினேன். நாலாம் நாள் காயில் கட்டுற கடைக்குக் கொண்டுபோனா, மெக்கானிக் அண்ணன் ஆர்மேச்சரைப் பார்த்ததுமே கேட்டார்: "உப்புத் தண்ணியா? ஏன் தம்பி காய வெச்சீங்க? வாளியில நல்ல தண்ணி ஊத்தி, முங்க வெச்சே கொண்டாந்திருக்கணும்."

மூழ்கின மோட்டாரை மறுபடியும் தண்ணியிலயே வைக்கணுமா? இந்தக் கேள்விதான் என்னை பேர்ல் ஹார்பர்ல கொண்டுபோய் விட்டது.

1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் விமானங்கள் அங்கே மூழ்கடித்த அமெரிக்கப் போர்க்கப்பல்களில் வெஸ்ட் வர்ஜீனியா, கலிஃபோர்னியா ரெண்டும் கொஞ்சம் வித்தியாசமானவை. நீராவி டர்பைன் ஜெனரேட்டரைச் சுற்றும். அந்த மின்சாரத்தில் ஓடும் நாலு பெரிய மோட்டார்கள்தான் விசிறிகளைச் சுற்றும். அதாவது இந்தக் கப்பல்களோட இதயமே செம்புக் கம்பிச் சுருள். அது மாதக்கணக்கா உப்புத் தண்ணியில ஊறிக் கிடந்தது.

மீட்புப் பணிக்குப் பொறுப்பேற்றவர் கேப்டன் ஹோமர் வாலின். அவருடைய ஆட்கள் கண்டது இதுதான்: தண்ணிக்குள்ள இருக்கும்வரை, அதுவும் எங்கும் பரவியிருந்த எரிபொருள் எண்ணெய் மேலே படிஞ்சிருந்தா, இயந்திரங்கள் அவ்வளவா கெடலை. காற்று பட்டதும்தான் துரு பாய்ந்தது. ஈரமும் உப்பும் ஆக்சிஜனும் ஒண்ணு சேர்றது அப்போதானே! அதனால ஒவ்வொரு அறையில் தண்ணி இறங்கும்போதும் கழுவவும் கழற்றவும் ஆள் தயாரா நிக்கணும்.

சின்ன மோட்டார்களைக் கழற்றி, நல்ல தண்ணியில கழுவி, சூட்டில் காயவைத்து, மறுபடி ஓட்டினாங்க. கழுவாம காய வெச்சா என்ன ஆகும்? தண்ணி போயிடும், உப்பு போகாது. காயிலுக்குள் ஒட்டின உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும். ஒருநாள் மின்சாரம் அந்த வழியாகக் கசியும். என் ஸ்கூட்டருக்கு நடந்தது அதேதான். கப்பலை ஓட்டும் பெரிய மோட்டார்கள் கழுவலுக்கு மசியலை. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆட்கள் வந்து காயிலைப் பிரித்து, புதுசாகக் கட்டினாங்க.

இதையெல்லாம் ஏதோ பட்டறை வேலை மாதிரி சொல்லிக்கிட்டு இருக்கேன். அப்படி இல்லை. தேங்கின தண்ணியில் அழுகிய பொருட்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்கியிருந்தன. 1942 பிப்ரவரியில் நெவாடா கப்பலுக்குள் இறங்கிய ரெண்டு பேர் அந்த வாயுவில் செத்துப்போனாங்க.

வெஸ்ட் வர்ஜீனியாவை மே 17 அன்று மிதக்க வெச்சாங்க. ஜூன் 9-ல் உலர் துறைக்குக் கொண்டுபோனாங்க. அதன் உள்ளே மூடிய அறை ஒன்றில் மூணு மாலுமிகளின் உடல்கள் கிடைச்சது. பக்கத்தில் ஒரு காலண்டர். டிசம்பர் 23 வரைக்கும் ஒவ்வொரு நாளையும் அடிச்சிருந்தாங்க. கப்பல் மூழ்கி 16 நாள் அந்த இருட்டில் உயிரோட இருந்திருக்காங்க. உள்ளேயிருந்து தட்டும் சத்தம் வெளியே கேட்டிருக்கு. யாராலும் எட்ட முடியலை. இதைப் படிச்ச அன்னைக்கு நான் வேற எதையும் படிக்கலை.

அந்தக் கப்பல் 1944 அக்டோபர் 25 அதிகாலையில், பிலிப்பைன்ஸின் சூரிகாவ் நீரிணையில், ஜப்பானியக் கப்பல்களை நோக்கிச் சுட்டது. கலிஃபோர்னியாவும் அதே வரிசையில் நின்றது. ரெண்டையும் அங்கே கொண்டுவந்து சேர்த்தவை சேற்றிலிருந்து எழுந்த அந்த மோட்டார்கள்தான்.

என் ஆர்மேச்சரை அண்ணன் புதுசா கட்டிக் கொடுத்துட்டார். பேரிங்கும் மாத்தியாச்சு. இப்போ கடலுக்குப் போகும்போது ஓ-ரிங் கிரீஸோட, மூடி போட்ட வாளி ஒண்ணும் வண்டியில ஏறுது. கேரியர்ல ரெண்டு கேன் நல்ல தண்ணி.