இரும்புச் சிலுவையின் கதை

வீரத்திற்குப் பரிசு என்றதும் பொன்னும் வெள்ளியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், ஜெர்மானியப் படைவீரர் உயிரைப் பணயம் வைத்துப் பெற்ற பதக்கம் கறுப்பாக்கப்பட்ட ஓர் இரும்புத் துண்டே என்றால் உங்களுக்கு வியப்பாக இல்லையா?

ஜெர்மானிய அரசுகளுள் ஒன்றான பிரஷ்யா, 1813ஆம் ஆண்டில் நெப்போலியனை எதிர்த்துப் போரில் இறங்கியது. கருவூலமோ வறண்டு கிடந்தது. அவ்வாண்டில் பெண்கள் தம் பொன் நகைகளை நாட்டுக்கு அளித்துவிட்டு, இரும்பு நகைகளைப் பெருமையுடன் அணிந்தனர். மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் நிறுவிய புதிய பதக்கமும் இரும்பாகவே அமைந்தது. நடுவே வார்ப்பிரும்பு; சுற்றிலும் வெள்ளி விளிம்பு. அதற்கு வடிவம் தந்தவர் ஷிங்கெல் என்னும் கட்டடக் கலைஞர். இதன் தனிச்சிறப்பு யாதெனில், தளபதிக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் இது பொதுவாக இருந்ததே ஆகும். பின்னர் 1870, 1914, 1939 ஆகிய ஆண்டுகளில் போர் மூண்டபோது இவ்விருது புதுப்பிக்கப்பட்டது.

இதனை அணியும் முறையைக் கவனியுங்கள். முதலில் இரண்டாம் வகுப்பு. அதன் பின்னரே முதல் வகுப்பு. இரண்டாம் வகுப்புச் சிலுவை நாடாவில் தொங்கும். ஆனால் களத்தில் இருந்த வீரர்கள் சிலுவையைப் பத்திரப்படுத்திவிட்டு, நாடாவை மட்டும் மேற்சட்டையின் பொத்தான் துளையில் செருகிக் கொள்வர். முதல் வகுப்புக்கு நாடா இல்லை. அது இடப்பக்க மார்பில் ஊசியால் பொருத்தப்படும். 1939இல் சேர்க்கப்பட்ட ‘நைட்ஸ் கிராஸ்’ கழுத்தில் அணியப்பட்டது.

முதல் உலகப் போரில் இரண்டாம் வகுப்புச் சிலுவைகள் ஏறத்தாழ 50 இலட்சம் வழங்கப்பட்டன. பெற்றவர்களுள் யூதர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அப்போரில் ஏறக்குறைய ஒரு இலட்சம் யூதர்கள் ஜெர்மனிக்காகப் போரிட்டனர். சுமார் 12,000 பேர் மாண்டனர். 1918 ஆகஸ்டில் ஹிட்லர் என்ற படைவீரருக்கு முதல் வகுப்புச் சிலுவை கிடைத்தது. அதற்குப் பரிந்துரைத்த ஹியூகோ குட்மன் ஒரு யூத அதிகாரி!

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதர்கள் அரசுப் பணியிலிருந்து நீக்கப்பட்டனர். போர்முனையில் நின்றவர்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. 1935இல் அதுவும் பறிக்கப்பட்டது. குட்மன் நாட்டைவிட்டு வெளியேறி அமெரிக்காவை அடைந்தார். தப்ப இயலாத பலர், பதக்கம் பெற்றவர்களாயிருந்தும், 1942 முதல் தெரசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். அங்கிருந்து கொலைக்களங்களுக்குச் சென்றவர்களும் உண்டு.

1939ஆம் ஆண்டுச் சிலுவையின் நடுவே நாஜிகளின் சுவஸ்திகா பொறிக்கப்பட்டிருந்தது. அச்சின்னத்தை நீக்கிய பின்னரே அதனை அணியலாம் என்று 1957இல் மேற்கு ஜெர்மனி சட்டம் இயற்றியது.

இரும்பு என்றும் இரும்புதான். அதற்கு மதிப்பு தருவது, அதனை வழங்கிய நாடு தன் வீரனுக்குக் காட்டும் நன்றியே அன்றோ?