அமிசோஸ் காசு கடல் தாண்டிய கதை

கருங்கடலின் தென்கரையில் இன்று சாம்சுன் என்ற துருக்கித் துறைமுகம் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்தின் பெயர் அமிசோஸ். கிரேக்கர்கள் குடியேறிய ஊர். கி.மு. முதல் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே அடித்த ஒரு வெண்கலக் காசு, பழங்காசு சேர்ப்பவர்களிடம் மிகவும் பிரபலம். அகலத்தில் நம் ஒரு ரூபாய் நாணயம் போலத்தான் இருக்கும். கனம் மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு பக்கத்தில் அதீனா தேவியின் கவசம், அதன் நடுவில் மெடூசாவின் தலை. மறுபக்கத்தில் வெற்றித் தேவதை நைக்கி, ஈச்ச ஓலையைத் தோளில் சாய்த்து நடக்கிறாள். அவளுக்கு இருபுறமும் ஊரின் பெயர்.

ஊர் பெயர் இருப்பதால் இதை 'நகரக் காசு' என்கிறார்கள். பாதி உண்மைதான். இதே மெடூசாவும் இதே நைக்கியும் சினோப்பே, அமஸ்திரிஸ், கபெய்ரா, கோமனா ஊர்க் காசுகளிலும் இருக்கிறார்கள். எழுத்து மட்டும்தான் மாறுகிறது. இத்தனை ஊர்களும் தற்செயலாக ஒரே படத்தைத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. இவை எல்லாவற்றையும் ஆண்டவன் பொந்துஸ் நாட்டு மன்னன் ஆறாம் மித்ரடேட்டஸ். ரோமாபுரியோடு மூன்று போர் நடத்தியவன். பெயர் நகரத்துடையது, கை அரசனுடையது என்றே எனக்குப் படுகிறது. அவன் காலத்துப் பொந்துஸ் செப்புக் காசுகள் சிலவற்றைச் சோதித்தபோது துத்தநாகம் கலந்திருந்தது தெரியவந்தது. உலகின் மிகப் பழைய பித்தளைக் காசுகளில் அவையும் சேரும்.

வெள்ளிக்காசு எங்கே போனாலும் எடைக்கு விலை போகும். வெண்கலக் காசு அப்படியல்ல. ஊர்ச் சந்தையில் மீனுக்கும் ரொட்டிக்கும் அது செல்லும். எல்லை தாண்டினால் வெறும் உலோகத் துண்டு. அதனால் இது பிறந்த ஊரிலேயே தேய்ந்து முடிந்திருக்க வேண்டியது. ஆனால் கடலின் வடகரையில், கிரிமியாவின் கெர்ச் வட்டாரத்தில் அமிசோஸ் காசுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அக்கரையும் மித்ரடேட்டஸின் ஆட்சியில் இருந்ததுதான் காரணம். அவனுடைய கப்பல்களும் படைகளும் போன வழியில் சில்லறையும் போயிருக்கிறது.

கி.மு. 71-இல் ரோமானியத் தளபதி லூகுல்லஸ் அமிசோஸைப் பிடித்தான். காவலுக்கு இருந்த கலிமாக்கஸ் தப்பியோடும்போது ஊருக்குத் தீ வைத்துவிட்டுப் போனதாகவும், அதை அணைக்கச் சொல்லி லூகுல்லஸ் மன்றாடியும் அவன் வீரர்கள் கொள்ளையில்தான் குறியாக இருந்ததாகவும் புளூட்டார்க் எழுதுகிறார். (அங்கே சிறைப்பட்ட இலக்கண அறிஞர் டிரன்னியோன் பின்னாளில் ரோமில் அரிஸ்டாட்டிலின் சுவடிகளைச் சீர்செய்தார். அது தனிக் கதை.) கி.மு. 63-இல் மித்ரடேட்டஸ் வடகரையின் பாந்திகாபேயத்தில், அதாவது இன்றைய கெர்ச்சில், இறந்தான்.

அதற்குப் பிறகு இந்தக் காசுகளுக்கு மண்ணுக்குள் நீண்ட வாசம். மண்ணின் தன்மையைப் பொறுத்துக் காசின் மேல் பச்சையோ பழுப்போ கறுப்போ படியும். கெட்டியான களிம்பு காசுக்குக் காவல். அதைச் சுரண்டிப் பளபளப்பாக்குவது கொலைக்குச் சமம். மாவு மாதிரி உதிரும் வெளிர்பச்சைப் பொடியோ நோய். உள்ளே தங்கிய குளோரைடு உப்பு ஈரக்காற்றில் விழித்துக்கொண்டு உலோகத்தைத் தின்னும். நம் கடலோர ஊர்களில் கிரேக்க வெண்கலம் வைத்திருப்பவர்கள் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவது அதனால்தான்.

இந்தக் காசுகளை வரிசைப்படுத்தியவர்களில் முக்கியமானவர் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் ஊரைச் சேர்ந்த ஃப்ரீட்ரிஷ் இம்ஹோஃப்-ப்ளூமர். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கிரேக்க நாணயங்களைச் சேர்த்து, 1900-இல் பெர்லின் அருங்காட்சியகத்துக்கு விற்றார். அதோடு ஓயவில்லை. மித்ரடேட்டஸ் நாட்டின் செப்புக் காசுகளை மட்டுமே எடுத்துக்கொண்டு 1912-இல் ஓர் ஆய்வு எழுதினார். இன்றைய விவாதங்களும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

அவருக்கு உதவியது காசின் முகம். இன்று ஆய்வாளர்கள் தேடுவது காசு கிடைத்த இடத்தை. கரூரில் அமராவதி ஆற்று மணலில் அகப்பட்ட கிரேக்கக் காசுகளை 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 2000-இல் நூலாக வெளியிட்டார். தேய்ந்துபோன சில்லறைதான், ஆனால் கரூர் என்ற ஊர்ப்பெயர் கூடவே இருப்பதால் அவை கடல் வணிகத்துக்குச் சாட்சி சொல்கின்றன. உலோகம் கண்டறியும் கருவியோடு இரவில் தோண்டி எடுத்து, மூன்று கை மாறி ஏலத்துக்கு வரும் அமிசோஸ் காசு அப்படி எதையும் சொல்லாது. துருக்கியில் மண்ணிலிருந்து வருவது அரசுக்கே சொந்தம். 1906-இன் ஒட்டோமான் சட்டமும் 1983-இன் சட்டமும் சொல்வது அதையே.

அமிசோஸ் காசு அரிதல்ல, விலையும் அதிகமில்லை. புதிதாகச் சேர்ப்பவர்களின் கை முதலில் இதன்மேல்தான் போகும். வாங்குவதானால் பழைய ஏலப் பட்டியலில் இடம்பெற்றதை வாங்குங்கள். கூட வரும் பழைய சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். யாரிடமிருந்து, எந்த ஆண்டு வாங்கினீர்கள் என்று உங்கள் கையால் இன்னொரு சீட்டும் எழுதி வையுங்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டதும் விற்பவர் மழுப்பினால், காசு எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.