‘ஏலேலோ’: உழைப்பொலி ஒன்றின் சமூக வரலாறு

மொழியின் மிகச் சிறிய கூறுகளையும் நமது இலக்கண மரபு நுணுகி ஆராய்ந்துள்ளது. தொல்காப்பிய இடையியல் ‘ஓ’ என்னும் ஓரெழுத்து இடைச்சொல்லுக்குப் பிரிநிலை, வினா, எதிர்மறை, ஒழியிசை, தெரிநிலை, சிறப்பு என ஆறு பொருள்களை வகுக்கிறது. நன்னூல் கழிவு, அசைநிலை என்பனவற்றையும் சேர்த்து எட்டாக்குகிறது. ஆயின் தோணி தள்ளுவோரும் வலை இழுப்போரும் ‘ஏலேலோ’ எனக் குரலெடுக்கும்போது அதன் ஈற்றில் நீண்டொலிக்கும் ‘ஓ’ இவற்றுள் எதனுள் அடங்கும்? அசைநிலை என்று கூறி அமையலாம். அதாவது, பொருளற்றது எனலாம். அவ்வொலியின் பொருள் கூற்றில் அன்றி உழைப்பிலேயே தங்கியுள்ளது என்பதும், உழைப்பு எவர் கட்டுப்பாட்டில் நிகழ்கிறதோ அதற்கேற்ப அப்பொருள் மாறிவந்துள்ளது என்பதும் இக்கட்டுரையில் நாம் நிறுவ முயலும் கருத்துகளாகும்.

உழைப்பொலி பற்றிய ஆய்வு பத்தொன்பதாம் நூற்றாண்டில் மொழியின் தோற்றம் பற்றிய விவாதத்துடன் பிணைந்திருந்தது. கூட்டுழைப்பின்போது எழும் ஒலிகளிலிருந்தே மொழி பிறந்தது என லுட்விக் நொய்ரே 1877இல் வாதிட்டார். இத்தகைய வாதங்கள் சான்றுக்கு அப்பாற்பட்டவை எனக் கருதிய பாரிஸ் மொழியியற் கழகம், 1866ஆம் ஆண்டிலேயே மொழியின் தோற்றம் பற்றிய கட்டுரைகளை ஏற்பதில்லை எனத் தனது விதிகளில் எழுதிவைத்திருந்தது. 1896இல் வெளிவந்த கார்ல் பியூஹரின் ‘உழைப்பும் சந்தமும்’ என்ற நூல் வினாவை வேறொரு தளத்துக்கு நகர்த்தியது. மொழி எவ்வாறு பிறந்தது என்பதைவிட, பாடலின் சந்தம் உழைப்பின் அசைவுகளோடு எவ்வாறு தொடர்புற்றுள்ளது என்பதே அவர் எழுப்பிய வினா. ஜோர்ஜ் தொம்சன் ‘மார்க்சியமும் கவிதையும்’ (1945) என்ற சிறுநூலில் அதனை மேலும் வளர்த்தார். பர்மிங்ஹாமில் அவரிடம் பயின்ற க. கைலாசபதியின் வழியாக இச்சிந்தனை மரபு ஈழத்துத் தமிழாய்வுக்கும் வந்து சேர்ந்தது.

தொம்சனின் விளக்கம் எளிமையானது. படகு வலிப்போரின் ஒலி ஈரசை கொண்டது. முதலசை ஆயத்தமாகும்படி உணர்த்துவது. இரண்டாமசை முயற்சி நிகழும் கணத்தைக் குறிப்பது. பலர் ஒரே கணத்தில் விசையைச் செலுத்தாவிடின் கயிறு நகராது. எனவே இவ்வொலி ஓர் உணர்ச்சி வெளிப்பாடு என்பதினும் ஒரு கருவி என்பதே பொருந்தும். ஆங்கில மாலுமியின் ‘ஹீவ் ஹோ’, ஜப்பானியரின் ‘யோய்ஷோ’, வட இந்தியத் தொழிலாளரின் ‘ஹைஷா’, தமிழரின் ‘ஐலசா’ ஆகியன ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை எனக் கொள்ள வேண்டியதில்லை. மனித உடலின் மூச்சும் கூட்டு முயற்சியின் தேவையும் எங்கும் ஒத்திருத்தலே இவ்வொப்புமையை விளக்கப் போதுமானது. எனினும் ஒலி ஒத்திருப்பதால் வரலாறும் ஒத்திருக்கும் என முடிவுசெய்தல் தவறாகும்.

கிரேக்கச் சான்றுகளை நோக்குவோம். அரிஸ்டோபனிசின் ‘சமாதானம்’ (கி.மு. 421) என்ற நாடகத்தில், குகையில் அடைபட்ட சமாதானத் தேவதையை ‘எயா’ என்ற ஒலியுடன் கயிறு கட்டி இழுக்கின்றனர். பல நகரத்தாரும் கைகொடுக்க முயன்று பயனின்றிப்போக, ஈற்றில் உழவர் மட்டும் இழுத்து வெற்றி காண்கின்றனர். ‘தவளைகள்’ (கி.மு. 405) நாடகத்தில் நிலைமை வேறு. முற்காலத்துக் கப்பலோட்டிகள் உணவு கேட்கவும் ‘ரிப்பாப்பாய்’ என்று குரலெழுப்பவும் மட்டுமே அறிந்திருந்தனர் என்றும், இன்றோ அவர்கள் தலைவரோடு எதிர்வாதம் செய்கின்றனர் என்றும் எஸ்கிலஸ் என்ற பாத்திரம் குறைகூறுகிறது. ஒரு முக்கொம்புப் போர்க்கப்பலில் 170 பேர் துடுப்பு வலித்தனர். அவர்களுள் பெரும்பகுதியினர் ஏதென்சின் வறிய குடிமக்கள். நகரின் கடல் வல்லமையும் அதன் வழிவந்த சனநாயகமும் அவர்களது தோள்களிலேயே தங்கியிருந்தன. உழைப்பொலி மட்டுமே அறிந்த உழைப்பாளியை விரும்பும் மேலோர் மனப்பாங்கை இக்குறைகூறல் தெளிவாகக் காட்டுகிறது. ஒலி இருக்கலாம், சொல் இருத்தலாகாது என்பதே அதன் சாரம்.

எபிரேய மொழியின் ‘ஹேதாத்’ என்ற ஒலி இன்னொரு முரண்பாட்டை உணர்த்துகிறது. திராட்சை ஆலையில் கனி மிதிப்போர் எழுப்பிய ஆரவாரம் அது. விவிலியத்தின் ஏசாயா, எரேமியா நூல்களில் மோவாப் நாட்டின் அழிவு கூறப்படும் இடங்களில், அறுவடையின் ஆரவாரம் ஓய்ந்து, அதே சொல்லாற் குறிக்கப்படும் படையெடுப்போரின் முழக்கம் அவ்விடத்தை நிரப்புகிறது. ஐந்தாம் நூற்றாண்டிலே லியோன் நகர்த் தேவாலயத்துக்கென சிதோனியஸ் அப்பொலினாரிஸ் இயற்றிய இலத்தீன் செய்யுளிலோ, கூனிய முதுகுடன் படகிழுப்போரின் குரலுக்கு ஆற்றங்கரைகள் ‘அல்லேலூயா’ என எதிரொலிக்கின்றன. படகிழுப்போரின் குரல் இறைபுகழாக உருமாறிவிடுகிறது. முதுகின் கூனல் மட்டும் மாறவில்லை.

ரஷ்யச் சான்று இவற்றினும் கூர்மையானது. பலாகிரெவ் 1866இல் வெளியிட்ட நாட்டார் பாடற் றொகுப்பில் வொல்கா நதிப் படகிழுப்போரின் ‘ஏய், உஹ்னெம்’ இடம்பெற்றது. ‘உஹ்’ என்பது வெறும் மூச்சொலி. அது வினைச்சொல்லாகித் தன்மைப் பன்மை விகுதி பெற்று ‘உஹ்னெம்’ ஆகிறது. அதாவது, ‘நாம் உஹ் என்போம்’ என்பதே அதன் பொருள். மூச்சு ‘நாம்’ என்ற கூட்டுணர்வைப் பெறும் கணத்தை இலக்கணமே இங்கு பதிவுசெய்துள்ளது. இதே அழைப்பைப் பல்லவியிற் கொண்ட ‘துபீனுஷ்கா’, 1865இல் போக்தானோவ் எழுதிய கவிதையிலிருந்து தோன்றி, 1880களில் ஓல்ஹினால் திருத்தப்பட்டுப் புரட்சிப் பாடலாயிற்று. பாடகர் ஷலியாப்பின் 1905இல் அதனை மொஸ்கோவின் பொல்ஷோய் அரங்கில் பாடியமை பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. சுமை தூக்க உதவிய ஒலி, சுமத்தியோரை நோக்கித் திரும்பியது.

இனி நமது ‘ஏலேலோ’வுக்கு வருவோம். திருவள்ளுவரோடு தொடர்புபடுத்தப்படும் ஏலேலசிங்கன் என்ற வணிகனின் பெயரே கப்பலிழுப்போர் வாயில் ‘ஏலேலோ’ ஆயிற்று என்று ஒரு செவிவழிக் கதை உண்டு. தரைதட்டிய அவனது கப்பலை இழுத்தபோது இவ்வழக்கம் தோன்றியதாம். சொற்பிறப்பு என்ற வகையில் இதற்கு ஆதாரம் இல்லை. ஆயின் கருத்தியல் என்ற வகையில் இக்கதை மிக முக்கியமானது. இழுத்தோரின் மூச்சு, கப்பலின் உடைமையாளனது புகழாக மாற்றப்படுகிறது. உழைப்பின் பயன் உடைமையாளனைச் சேர்வதுபோல உழைப்பின் ஒலியும் அவனையே சேர்கிறது. ‘உஹ்னெம்’ காட்டிய திசைக்கு இது நேரெதிரானது.

வட, கிழக்கு இலங்கையின் கடற்றொழிலாளர் பாடும் ‘அம்பா’ப் பாடல்களில் இரு திசைகளும் மோதுவதைக் காணலாம். கரைவலை இழுப்பில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் ‘ஏலேலோ’ என ஏற்கின்றனர். ஏற்கும் பகுதி மாறாதது. வேலையின் வேகத்தைக் காப்பது. அடியெடுப்பவனின் பகுதியோ மாறக்கூடியது. தெய்வம், காதல், கடலின் கொடுமை, சம்மாட்டியின் பங்கு, தொழிலாளியின் பங்கு அனைத்தும் அங்கு நுழைய இடமுண்டு. பொருளற்ற ஒலியே பொருளுடைய சொல்லுக்கு இடமளிக்கிறது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இயந்திரம் இவ்வுறவை மாற்றிவிட்டது. கைத்தொழிலிலே தொழிலாளி கருவியைப் பயன்படுத்துகிறான், ஆலையிலோ இயந்திரத்துக்கு அவன் பணிசெய்கிறான் என்ற மார்க்சின் கூற்று உழைப்பொலிக்கும் பொருந்தும். சுழற்பொறி வடத்தை இழுக்கும் கரையில் பலரின் மூச்சை ஒன்றிணைக்கும் தேவை இல்லை. அதனால் ‘ஏலேலோ’வும் இல்லை. இதனை எண்ணி வருந்துவது மட்டும் ஆய்வாகாது. முதுகொடியும் உழைப்பு ஒழிவது வரவேற்கத்தக்கதே. எனினும் பொறி எவருடையது, அதனால் மிஞ்சிய நேரமும் வருவாயும் எவரைச் சேர்கின்றன என்ற வினாக்கள் எஞ்சி நிற்கின்றன.

நாட்டார் பாடல்களைத் தொகுப்போர் ‘ஏலேலோ’வை ஒருமுறை அச்சிட்டு, மீண்டும் வருமிடங்களில் அதனை விட்டுவிடுவதுண்டு. எந்த வேலையின் எந்தக் கட்டத்தில் அவ்வொலி எழுந்தது, அடியெடுத்தவர் யார், ஏற்றவர் எத்தனை பேர், பிடிபட்ட மீனில் ஒவ்வொருவரின் பங்கு என்ன என்பன பாடலுடன் சேர்த்துப் பதிவுசெய்யப்படல் வேண்டும். அவ்வொலியைத் தொழிலிடத்திற் கேட்டறிந்த முதியோர் நம்மிடையே உள்ளபோதே இப்பணி தொடங்கப்படுவது அவசியமாகும்.